கப்பக்காவின் பத்து நிமிஷம்

அந்த மைதானத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். கப்பக்கா எங்கே என்று கேட்டுப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கிறவன்கூட நிற்காமல் கையை நீட்டி, "கேலரிக்கு அடியில, மூணாவது கதவு" என்று சொல்லிவிட்டுப் போவான். கப்பு வைக்கிற அக்கா, ஆகையால் கப்பக்கா. ஆறு வருஷமாக அதுதான் பெயர்.

கிளப் அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் இருபத்திரண்டு வெற்றிக் கோப்பைகள் இருந்தன. அதில் ஒன்றுக்குக் காது உடைந்திருந்தது. கப்பக்காவின் பெட்டியில் நாற்பது. "நம்ம கிளப்புலேயே அதிகமா கப்பு வெச்சிருக்கிறது யாரு தெரியுமா? அக்காதான். ஒரு ரவுண்டு கூட ஓடாம நாப்பது கப்பு!" என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் பழையவர்கள் சொல்வார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்து வைப்பாள். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா இன்னும் ஒரு படி மேலே போனாள். "கிளப்புல கப்பு வைக்கிற வேலை" என்று இவள் சொன்னதைக் கேட்டு, கேன்டீனில் டம்ளர் கழுவுகிறாள் என்று இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பரிதாபப்பட்டு, கழுவுவதற்கு நல்ல நாராக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். கப்பக்கா மறுக்கவில்லை. இன்றைக்கும் கப்புகளை அதே நாரில்தான் தேய்க்கிறாள்.

கப்பு வைப்பதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கட்டிலில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். தொடையில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து, அதன் தலையில் பம்பை மாட்டி மூன்று இழுப்பு. உள்ளே இருக்கிற காற்று வெளியே வந்ததும் தோல் சிவந்து மேடாக எழும்பும். முட்டி வலி என்று வருகிறவர்கள் நேராக முட்டிச் சில்லைத் தொட்டுக் காட்டி, இங்கே வை என்பார்கள். "அங்க எலும்புதான் இருக்கு. அதுமேல வெச்சா கப்பு துள்ளி என் மூஞ்சியில வந்து விழும்" என்பாள். சில்லுக்கு மேலே நான்கு விரல் தள்ளி, தொடைச் சதை முட்டியில் வந்து சேருகிற இடத்தில் ஒன்று, உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, வெளித்தொடையில் மேல்நோக்கி வரிசையாக மூன்று. ஆக ஆறு கப்பு. வலி போய்விடுமா என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். "போயிடும்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். கொஞ்சம் லேசாகும். மிச்சத்துக்கு டாக்டரைப் பாரு, ஒழுங்கா தூங்கு."

எத்தனை நேரம் வைப்பது என்பதில் மட்டும் அவள் கறாராக இருந்தாள். பத்து நிமிஷம். பத்தென்றால் பத்து. கட்டிலின் தலைமாட்டு ஷெல்பில், முட்டை வேகவைக்க வீட்டில் வைத்துக்கொள்வார்களே, அந்தத் திருகு மணி ஒன்று இருந்தது. பத்தில் திருகி விட்டால் டிக் டிக் என்று திரும்பி வந்து கிர்ர்ரென்று அலறும். படுத்திருப்பவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் அங்கே வைத்திருந்தாள். நேரம் கூடினால் தோல் தாங்காது, நீர் கோத்துக் கொப்புளம் கட்டும். கிளப் செயலாளரே ஒருமுறை, "சுகமா இருக்கு, இன்னும் ரெண்டு நிமிஷம் விடும்மா" என்று கெஞ்சினார். மணி அடித்த மறுகணம் அவர் தொடையிலிருந்து புஸ் புஸ் என்று ஆறையும் பிடுங்கிவிட்டாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் வேறு ஊருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். போகட்டும், அவனைப் பற்றிப் பேச எனக்கும் பிடிக்கவில்லை. பிள்ளை இல்லை. தூரத்தில் ஒரு தம்பி. வாரத்துக்கு ஒருதரம் போன் பண்ணுவான். "சாப்டியா? உடம்பு நல்லா இருக்கா? சரி, வெச்சிடறேன்." அக்கா பாசத்தை அவன் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுவான்.

ஒருநாளைக்கு இருபது கால்களையாவது தொட்டுப் பிடித்துவிடுகிற கை அவளுடையது. அவளை யாராவது தொட்டு எத்தனை நாளாகிறது என்று யோசித்தால், கடைசியாகத் தொட்டது பல் டாக்டர். அதுவும் கையுறை போட்டுக்கொண்டு. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினால் மறுநாள் காலை வரை வாய் திறக்க வேலையே இல்லை. சில நாள் காலையில் முதல் ஆளிடம் பேசும்போது தொண்டை கரகரக்கும். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

அவளுக்கும் ஒரு வலி உண்டு. நாள் முழுக்கக் குனிந்து குனிந்து வலது தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கம் ஒரு பிடிப்பு. அவளுடைய முட்டிக்கு, தொடைக்கு, இடுப்புக்குக்கூட அவளே கப்பு வைத்துக்கொள்வாள். முதுகு எட்டாது. ஒருதரம் கப்பைச் சுவரில் அண்டக்கொடுத்து, அதன்மேல் முதுகைச் சாய்த்து, கையைப் பின்னால் முறுக்கிப் பம்பை மாட்டப் பார்த்தாள். கப்பு உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது, கழுத்தும் பிடித்துக்கொண்டது. நாற்பது கப்பு இருந்து என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்கப்புறம் அறைக் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொள்வதோடு சரி.

இப்படி இருக்கையில்தான் கொக்கு வந்தாள். நானூறு மீட்டர் தடை ஓட்டக்காரி, பத்தொன்பது வயது. கழுத்துவரைக்கும் காலாக இருந்ததால் மைதானம் அவளுக்கு வைத்த பெயர் கொக்கு. தடையைத் தாண்டித் தாண்டி இடது முட்டியிலும் அதற்கு மேலே தொடையிலும் வலி. வாரம் மூன்று நாள் கப்பு வைக்கச் சொல்லி கோச் அனுப்பிவைத்தார்.

மற்ற பிள்ளைகள் கட்டிலில் படுத்ததும் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். இவள் போனைப் பையைவிட்டு எடுக்கமாட்டாள். பேச்சுதான். வாய் ஓயாத பேச்சு. ஏழாவது தடை மட்டும் தன்னைப் பார்த்து முறைப்பது, வெளிநாட்டில் வீட்டு வேலை பார்க்கும் அம்மா போனில் பேசும்போதெல்லாம் பின்னால் யாரோ வீட்டுக் குழந்தை அழுவது, ஹாஸ்டல் அறைத்தோழி தூக்கத்தில் எதிர்க்கட்சித் தலைவர்போலச் சொற்பொழிவாற்றுவது.

"அக்கா, நீங்க பேசவே மாட்டீங்களா?"

"நீ இடம் விட்டாத்தானே பேசறதுக்கு?"

"சரி, விட்டேன். பேசுங்க."

கப்பக்கா திருதிருவென்று விழித்தாள். கடைசியில் அந்த நார்க் கதையைச் சொன்னாள். கொக்கு சிரித்த சிரிப்பில் தொடையில் இருந்த கப்பு இரண்டு கழன்று விழுந்தன. "படுபாவி, மறுபடி முதல்லேருந்து வைக்கணும்" என்று திட்டிக்கொண்டே அவள் மணியைத் திரும்பப் பத்துக்குத் திருகினாள். அன்றைக்கு அவளுக்கு நாலு நிமிஷம் லாபம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கப்பு காலில் இருக்கும்வரை ஆள் எழுந்து போக முடியாது. இது அவளுக்கு ஆறு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான், அன்றைக்குத்தான் மனதில் பட்டது. அடுத்த முறை மணியைப் பதினொன்றில் வைத்தாள். அதற்கடுத்து பன்னிரண்டில். மற்றவர்களுக்கெல்லாம் பத்தென்றால் பத்துதான், கொக்குக்கு மட்டும் பன்னிரண்டு. இரண்டு நிமிஷத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். செயலாளருக்குக் கொடுக்காத இரண்டு நிமிஷம் அது, பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கொக்கு குண்டைத் தூக்கிப் போட்டாள். "அக்கா, ஞாயித்துக்கிழமை தேர்வு ஓட்டம். முதல் ரெண்டு பேருக்குப் பயிற்சி முகாம். ஒம்பது மாசம் அங்கேயேதான்."

"ரெண்டு பேருக்குள்ள வரலைன்னா?"

"வரலைன்னா ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. சித்தி வீட்டுக்குப் போயி அவங்க கடையில நிக்கணும். ஓட்டம் அவ்வளவுதான்."

ஆக, ஜெயித்தாலும் போய்விடுவாள், தோற்றாலும் போய்விடுவாள். "நல்லா ஓடு" என்று வாய் சொன்னது. கை, கழுவி வைத்த கப்பையே மறுபடியும் தேய்த்தது.

வியாழக்கிழமைதான் கடைசி முறை. அதற்குமேல் ஓட்டம் முடியும்வரை தொடையைத் தொடக்கூடாது என்று கோச் சொல்லியிருந்தார். கப்பக்கா ஆறு கப்புகளையும் வைத்தாள். மணியைத் திருகும்போது விரல் பன்னிரண்டில் நிற்கவில்லை, பதினைந்துக்குப் போய்விட்டது. தெரிந்தேதான் போனது. மற்றவர்களுக்கு வைத்த கப்புகளைக் கழுவுவதற்காக வழக்கம்போல மூலையில் இருந்த தொட்டிப் பக்கம் போனாள். கழுவிக்கொண்டே பேச்சு, கழுவி முடித்து வந்து உட்கார்ந்து பேச்சு. தலைக்குமேல் கேலரிப் படிகளில் ஆட்கள் தடதடவென்று ஏறி இறங்கினார்கள். மணி அடித்தபோது இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள். கப்புகளை எடுத்தாள். வட்டங்கள் சிவப்பாக இல்லை, நாவல்பழ நிறத்தில் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை கோச் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பின்னால் கொக்கு. முட்டிக்கு மேலே உள்பக்கம், தோல் மெல்லிசாக இருக்கிற இடத்தில், நீர் கோத்துப் பளபளவென்று இரண்டு கொப்புளம். ஓடும்போது தொடைகள் உரசும் இடம்.

"எத்தனை நிமிஷம் வெச்சீங்க அக்கா?"

கப்பக்கா வாயைத் திறப்பதற்குள் கொக்கு முந்திக்கொண்டாள். "பத்து நிமிஷம்தான் சார். மணி அடிச்சதும் எடுத்துட்டாங்க. என் தோலு அப்படி."

கோச் கப்பக்காவைப் பார்த்தார். கப்பக்கா தரையைப் பார்த்தாள். இல்லை சார், பதினைந்து என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவள் கட்டுத் துணியைத் தேடப் போனாள். கொப்புளத்தை உடைக்காமல் மேலே துணி வைத்துக் கட்டிவிட்டாள். கொக்கு எழுந்திருக்கும்போது, "வலிக்கவே இல்லைக்கா" என்றாள். பச்சைப் பொய்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, அறைக் கதவைச் சாத்தினாள். தன் உள்தொடையில் அதே இடத்தில் கப்பை வைத்து, அதே மூன்று இழுப்பு இழுத்து, மணியைப் பதினைந்தில் திருகிவிட்டு உட்கார்ந்தாள். எடுத்துப் பார்த்தால் கறுத்த வட்டம் மட்டும்தான். ஒரு மணி நேரம் பார்த்தாள், கொப்புளம் வரவில்லை. பதினைந்து நிமிஷத்துக்கு அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏன் வந்தது? நம்முடையது முற்றின தோல், அவளுடையது பிஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இன்னும் சுட்டது. ஒரு சின்னப் பெண்ணின் காலைத் தன் பேச்சுத்துணைக்காகக் கட்டிப்போட்டு, அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாக கோச்சிடம் போய் நின்றாள்.

"சார், பத்து இல்ல. பதினஞ்சு வெச்சேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. திருகித்தான் வெச்சேன்."

"ஏன்?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. "பேசிக்கிட்டு இருந்தோம் சார். அவ போயிட்டா பேச ஆளில்ல."

கோச் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் விசிலை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு கையை நீட்டினார். "சாவியைக் கொடுங்க. நாளைக்கு ஓட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் யாருக்கும் கப்பு வேண்டாம்." சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கேலரியின் கடைசி வரிசையில், யார் கண்ணிலும் படாமல் போய் உட்கார்ந்தாள். அவள் அறைக்கு நேர் மேலே இருந்த இடம் அது. கீழே எட்டுப் பெண்கள். இரண்டாவது பாதையில் கொக்கு, இடது தொடையில் வெள்ளைக் கட்டு. துப்பாக்கி வெடித்தது. ஆறு தடைவரை முன்னால் இருந்தாள். ஏழாவதில் கட்டு அவிழ்ந்து ஒரு வால்போலப் பின்னால் பறந்தது. கால் ஒரு கணம் தயங்கியது. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். கப்பக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஏழாவது தடைக்கு மனதுக்குள் அவள் விட்ட சாபத்தை அச்சில் ஏற்ற முடியாது. சத்தம் கூடுவது காதில் விழுந்து கண்ணைத் திறந்தபோது, கொக்கு கடைசித் தடையையும் தாண்டி, மூன்றாவதாக ஓடிவந்து, கோட்டில் நெஞ்சைத் தள்ளி விழுந்தாள். யார் இரண்டாவது என்று பலகையில் வருவதற்கு நெடுநேரம் ஆயிற்று. கொக்குதான்.

கப்பக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கீழே இறங்கிப் போய்க் கட்டிப்பிடிக்க முகமில்லை. பின்பக்கப் படி வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தால், அறை திறந்து கிடந்தது. கட்டிலில் கொக்கு உட்கார்ந்திருந்தாள், காலடியில் பெரிய பை. தொடையில் புதுக் கட்டு. கையில் சாவி.

"கோச் சார் கொடுத்தார். பதினோரு மணிக்கு பஸ். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"சொல்லு."

"நீங்க பதினஞ்சு வெச்சேன்னு சார்கிட்ட சொன்னீங்களாமே. நேத்து அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் பத்துன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்." கொக்கு தலையைக் குனிந்துகொண்டாள். "பத்துதானேன்னு நீங்க கப்பு கழுவப் போகும்போதெல்லாம் படுத்தபடியே கையைப் பின்னால விட்டு நானும் கொஞ்சம் திருகுவேன்கா. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். அன்னிக்குக் கடைசி நாளுன்னு ஒரு ஒம்பது திருகியிருப்பேன்."

கப்பக்கா விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள். பதினைந்தும் ஒன்பதும். இருபத்து நாலு நிமிஷம்.

"அடிப்பாவி! எதுக்குடி?"

"ரூமுக்குப் போனா சுவத்தைத்தான் பாக்கணும். அந்தப் பொண்ணு தூங்கினாத்தான் பேசும்." அவள் சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. "சார்கிட்ட நேத்தே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் சேந்து என்னைக் கிறுக்கனாக்கப் பாக்கறீங்களான்னு கத்தினார். அப்புறம் சாவியைத் தூக்கிப் போட்டார். ஷெல்பை எடுத்துட்டு, மணியைச் சுவத்துல எட்டாத எடத்துல மாட்டணுமாம்."

கப்பக்கா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் வந்தது. கொக்கு பையைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"நேரம் இருக்கு. நீங்க குப்புறப் படுங்க."

"எனக்கெதுக்கு?"

"தினம் கதவுல முதுகைத் தேய்க்கறீங்களே, எனக்குக் கண்ணில்லையா? படுங்கக்கா."

படுத்தாள். ஆறு வருஷத்தில் அந்தக் கட்டிலில் அவள் படுப்பது அதுதான் முதல் தடவை. முதுகில் எண்ணெயோடு ஒரு கை பட்டது. உடம்பு தன்னையறியாமல் ஒருமுறை விதிர்த்தது. "இங்கயா?" என்று விரல் தேடித் தேடி, தோள்பட்டை எலும்பின் உள்பக்கம் சரியாக அந்த இடத்துக்கு வந்து நின்றது. மூன்று கப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று இழுப்பு. கொக்கு மணியைத் திருகி ஷெல்பில் வைத்தாள். "பத்து."

இரண்டு பேரும் பேசவில்லை. ஓயாமல் பேசுகிறவளும் பேசவில்லை. முதுகில் கப்பு இல்லாத இடத்தில் அவள் கை அப்படியே இருந்தது. மணி டிக் டிக் என்று கப்பக்காவின் காதுக்குப் பக்கத்தில் ஓடியது. கையை நீட்டினால் எட்டும். பதினோரு மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு, கையை வயிற்றுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

கிர்ர்ர். புஸ், புஸ், புஸ். "பத்துன்னா பத்து" என்று கொக்கு அவள் குரலிலேயே சொன்னாள். பையைத் தோளில் மாட்டினாள், குனிந்து ஒருமுறை கட்டிப்பிடித்தாள், போய்விட்டாள்.

வீட்டில் இரண்டு கண்ணாடிகளை எதிரும் புதிருமாக வைத்து கப்பக்கா முதுகைப் பார்த்தாள். மூன்று சிவப்பு வட்டம், கொஞ்சம் கோணலாக. தினமும் குளித்துவிட்டுப் பார்த்தாள். சிவப்பு மூன்றாம் நாள் பழுப்பாயிற்று, ஐந்தாம் நாள் மஞ்சளாயிற்று. தம்பி போன் பண்ணி, "உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டபோது, "முதுகு தேவலை" என்றாள். யார் பார்த்துவிட்டது என்று அவன் கேட்கவில்லை, வைத்துவிட்டான்.

எட்டாம் நாள் காலையில் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்துக்குக் கொண்டுபோயும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. முதுகு பழையபடி வெறும் முதுகாக இருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருக்கலாம்ல, பாவி" என்றாள் சத்தமாக. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.